பழுதையா, பாம்பா?

போன ஜனவரியில் ஒரு ராத்திரி, பத்தேகால் மணி இருக்கும், என் அண்ணன் மகன் போன் செய்தான். கோவில்பட்டியிலிருந்து வந்து, டெல்லியில் பழைய ராஜிந்தர் நகரில் அறை எடுத்து ஐஏஎஸ் தேர்வுக்குப் படிக்கிறவன். வழக்கமாக மெஸ் சாப்பாட்டைப் பற்றித்தான் புலம்புவான். அன்றைக்குக் குரல் வேறு மாதிரி இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். லைப்ரரியிலிருந்து அறைக்குத் திரும்பும் சந்தில், இவனுக்கு இருபதடி முன்னால் ஒரு பெண் போயிருக்கிறாள். நல்ல பனிமூட்டம். சந்தில் இருந்த இரண்டு தெருவிளக்கும் எரியவில்லை. குளிர் தாங்காமல் இவன் வேகமாக நடந்திருக்கிறான். தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மப்ளர். காலடிச் சத்தம் கேட்டு அவள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் பூட்டியிருந்த ஜெராக்ஸ் கடையின் ஷட்டரில் முதுகை ஒட்டிக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி நின்றுவிட்டாள். போனில் வெளிச்சமே இல்லை. யாரோடும் பேசவும் இல்லை. இவன் கடந்துபோய்ச் சந்து முனையில் திரும்பும்வரை அவள் அசையவில்லை.

"அத்தே, என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?" என்றான். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவன் விடவில்லை. "சாதியைப் பார்த்து ஒருத்தன் ஒதுங்கினா அதைத் தடுக்க ஆர்ட்டிகிள் 17 இருக்கு. மதராசி, கருப்பா இருக்கான்னு ஒதுங்கினா அதை இனவெறிங்கிறோம். ஆம்பளைன்னு பார்த்து ஒதுங்கினா மட்டும் அதுக்குப் பேரு ஜாக்கிரதையா?"

"சாப்பிட்டுப் படுய்யா, அப்புறம் பேசலாம்" என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. அந்த ஷட்டரில் ஒட்டி நின்ற பெண்ணையும் எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் நான் அப்படித்தான் நின்றேன். போனுக்குப் பதிலாகக் கையில் ஊக்கு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊக்கு அம்மா கொடுத்தது. 1999இல் மத்திய அரசு வேலை கிடைத்து, சென்னை சென்ட்ரலில் என்னைத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடும்போது, முறுக்கு டப்பாவோடு ஒரு அட்டை ஊக்கையும் பையில் திணித்தாள். "பெரிய ஊக்கா ரெண்டு எப்பவும் கைப்பையில இருக்கட்டும்." எதற்கு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கோவில்பட்டி டவுன் பஸ்ஸிலேயே எனக்கு அது தெரிந்திருந்தது.

டெல்லியில் அப்போது புளூலைன் பஸ்கள் ஓடிக்கொண்டிருந்த காலம். ராமகிருஷ்ணபுரத்திலிருந்து செக்ரடேரியட் வரை, கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு பஸ்ஸின் தகரத்தை அடித்துக் கத்திக்கொண்டே வருவார். உள்ளே மூச்சுவிட இடம் இருக்காது. அந்த நெருக்கத்தில் எது தற்செயல், எது வேண்டுமென்றே செய்வது என்பதை முதுகு கண்டுபிடித்துவிடும். ஒருநாள் ஊக்கைத் திறந்து குத்தினேன். "ஆ" என்று அலறியவர் நல்ல சட்டை போட்டு, கையில் ஆபீஸ் ஃபைல் வைத்திருந்த மனிதர். பஸ்ஸே என்னைத்தான் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஸ்டாப்பில் நான்தான் இறங்கினேன், அவர் இறங்கவில்லை.

இந்தச் சம்பவம் எந்தக் காவல் நிலையக் கணக்கிலும் இல்லை. குற்றவியல் ஆய்வாளர்களைப் பல வருஷம் குழப்பிய ஒரு விஷயத்துக்கு இங்கேதான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். உலகம் முழுக்கக் கொலையாகிறவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். தெருச் சண்டை, குத்துவெட்டு எல்லாவற்றிலும் அடிபடுகிறவர்களில் ஆண்களே அதிகம். ஆனால் எந்த ஊரில் கருத்துக்கணிப்பு எடுத்தாலும் இரவில் தனியாக நடக்கப் பயம் என்று சொல்வது பெண்கள்தான். பெண்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள் என்றே முதலில் பலரும் எழுதினார்கள். 1980களில் மார்க் வார் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் வேறு விளக்கம் சொன்னார். ஒரு பெண்ணுக்குப் பர்ஸ் பறிபோகும் பயமும், வீட்டுக்குள் திருடன் நுழையும் பயமும் தனித்தனிப் பயங்கள் இல்லை. ஒவ்வொன்றின் உள்ளேயும் பாலியல் வன்முறை பற்றிய பயம் ஒளிந்திருக்கிறது என்பது அவர் வாதம். பர்ஸைப் பிடுங்குகிறவனிடம் ஆண் பர்ஸோடு கணக்கை முடித்துக்கொள்ளலாம். பெண்ணின் மனசு அதற்கு அடுத்து என்ன என்று ஓடும்.

இதோடு பஸ்ஸில் நடப்பதையும் சேர்த்துப் பாருங்கள். பன்னிரண்டு பதிமூன்று வயசில் தொடங்கி உரசல், முறைப்பு, பின்தொடர்தல், ராங் நம்பர் என்று ஒரு பெண்ணுக்குச் சேரும் அனுபவத்தில் நூறில் ஒன்றுகூடப் புகாராகாது. புகார்க் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு "இவ்வளவு பயம் எதற்கு" என்று கேட்கிறவர், அவளுடைய கணக்கில் பாதிக்கு மேல் பார்க்காமலே கேட்கிறார்.

சரி, பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதனால் மட்டும் அது தப்பெண்ணம் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. தப்பெண்ணம் கொண்டவர்கள் எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கும்.

தப்பெண்ணத்தைப் பற்றி 1954இல் விரிவாக எழுதிய உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் அதற்குச் சொன்ன விளக்கம் இன்றும் புழங்குகிறது. ஒரு கூட்டத்தைப் பற்றிய பிழையான, வளைந்துகொடுக்காத முடிவிலிருந்து வரும் வெறுப்பு என்பது அதன் சாரம். முடிவு பிழையாக இருக்க வேண்டும், புதிதாக ஒன்று தெரிந்தாலும் மாறாததாகவும் இருக்க வேண்டும்.

பிழையா என்று முதலில் பார்ப்போம். ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2019இல் வெளியிட்ட உலகக் கொலை ஆய்வின்படி, கொலை செய்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் ஆண்கள். பாலியல் குற்றங்களைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். அதே நேரம், இதைத் திருப்பிப் போட முடியாது. வண்டு இருந்த பழமெல்லாம் மாம்பழம் என்பதால் எல்லா மாம்பழத்திலும் வண்டு இருக்காது. பெரும்பாலான ஆண்கள் வாழ்நாள் முழுக்க ஒரு பெண்ணையும் தாக்குவதில்லை. "எல்லா ஆண்களும் அப்படித்தான்" என்று யாராவது உண்மையாகவே நம்பினால் அது பிழை, அதைப் பிழை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஷட்டரில் ஒட்டி நின்ற பெண் அப்படி நம்பினாளா? எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பழமொழி உண்டு: பழுதை என்று மிதிக்கிறதா, பாம்பு என்று தாண்டுகிறதா? பழுதை என்றால் வைக்கோலில் திரித்த கயிறு. இருட்டில் வரப்பில் நடக்கிறவனுக்கு வரும் குழப்பம் இது. கிடப்பது பழுதையாக இருந்து, பாம்பு என்று தாண்டிப் போனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. பாம்பாக இருந்து, பழுதை என்று மிதித்தால் உயிர் போய்விடும். தாண்டுகிறவன் வரப்பில் கிடப்பதெல்லாம் பாம்பு என்று நம்ப வேண்டியதில்லை. ஆயிரத்தில் ஒன்று பாம்பு என்று தெரிந்தாலே போதும், இருட்டு விலகும்வரை தாண்டித்தான் போவான். அவள் இவனைப் பற்றி எந்த முடிவுக்கும் வரவில்லை. முடிவு செய்ய அவளிடம் இருந்தது ஒரு குரங்குக் குல்லாவும் காலடிச் சத்தமும்தான்.

இதை அவனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நான் பழுதைதான் அத்தே. ஆனா தாண்டிப் போறப்ப வலிக்குதே" என்றான். அந்த வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வயசுப் பையன், வீட்டில் இரண்டு அக்காள்களோடு வளர்ந்தவன், தன்னைப் பார்த்து ஒருத்தி நடுங்கினாள் என்பதைச் சுமந்துகொண்டு அறைக்குப் போயிருக்கிறான்.

ஆனாலும் அவன் கேட்ட தீண்டாமையோடு இதை ஒப்பிட முடியாது. சாதி பார்த்து ஒதுக்குகிறவர் பட்டப்பகலிலும் ஒதுக்குவார், நன்றாகப் பழகிய பின்னும் ஒதுக்குவார். தெரிந்துகொண்டால் தீருகிற சந்தேகம் இல்லை அது. தனி டம்ளரில் தொடங்கி வீடு, வேலை, கிணறு, சுடுகாடு வரை அது ஆளைத் துரத்தும். அந்தப் பெண்ணின் ஒதுக்கம் அவன் சந்து முனை திரும்பியதும் முடிந்துவிட்டது. மறுநாள் லைப்ரரியில் விளக்கு வெளிச்சத்தில் அவனுக்கு அடுத்த நாற்காலியில் அவளே உட்கார்ந்து படித்திருக்கலாம்.

ஒரு கூட்டத்தின் ஆண்களையே பயத்தின் பேரால் கட்டிப்போட்டால் எப்படி இருக்கும் என்பது நம் மண்ணுக்குத் தெரியும். 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் ஊரில் ரேகைச் சட்டம் என்பார்கள். மதுரைப் பக்கம் கள்ளர் சமூகத்து ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், ராத்திரியானால் வீட்டில் படுக்கக் கூடாது, காவல் நிலையத்திலோ சொன்ன இடத்திலோ வந்து படுக்க வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் அரசாங்கமே நின்றது. சந்தில் நின்ற பெண்ணுக்குப் பின்னால் ஒரு பூட்டிய ஷட்டர்தான் இருந்தது.

அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பதும் பெரும்பாலும் அவள்தான். கிரிஜா போர்க்கர் என்ற பொருளியலாளர் டெல்லிப் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு ஆய்வு செய்தார். ஒரே மாதிரி மதிப்பெண் வாங்கிய பையனும் பெண்ணும் எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்த்தார். வீட்டிலிருந்து போகிற வழி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தனக்குக் கிடைக்கக்கூடிய நல்ல கல்லூரியை விட்டுவிட்டுத் தரம் குறைந்த கல்லூரியில் பெண்கள் சேர்கிறார்கள் என்று தெரிந்தது. பாதுகாப்பான வழிக்காக ஆண்களைவிட அதிகம் செலவழிக்கவும் தயாராக இருக்கிறார்கள். பதினேழு வயசில் பஸ் ரூட்டைப் பார்த்து எடுத்த முடிவு, பின்னால் வரும் வேலை, சம்பளம் எல்லாவற்றையும் பாதிக்கும்.

ஜங்புராவில் பாராபுலா கால்வாய் ஓரம் இருந்த மதராசி கேம்ப் தமிழர்களை நினைத்துக்கொள்கிறேன். சுற்றிலும் உள்ள காலனிகளில் வீட்டு வேலை செய்த பெண்கள் அங்கே நிறைய. நடந்தே வேலைக்குப் போய், நடந்தே திரும்புவார்கள். 2025 ஜூன் 1 அன்று நீதிமன்ற உத்தரவின் பேரில் அங்கிருந்த 370 வீடுகளும் இடிக்கப்பட்டன. தகுதி உண்டு என்று பட்டியலில் வந்த 189 குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். நரேலா டெல்லியின் வடக்குக் கோடி. காலை ஆறரை மணிக்கு ஜங்புராவில் பாத்திரம் தேய்க்க வேண்டிய பெண், எத்தனை மணிக்கு எந்த இருட்டில் கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டெல்லியில் 2019 அக்டோபர் 29 முதல் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் பிங்க் டிக்கெட் இலவசம் என்று வந்தது பெரிய உதவிதான். ஆனால் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகிற அந்த அரைக் கிலோமீட்டருக்கு எந்த டிக்கெட்டும் கிடையாது.

இதுவரை நான் சொன்னதெல்லாம் பெண்ணின் பயத்துக்கு ஆதரவாகத்தான் இருக்கிறது. இனிச் சொல்லப்போவது எனக்குக் கொஞ்சம் கஷ்டமானது.

2012 டிசம்பர் 16. நிர்பயா என்று நாடு பெயர் வைத்த அந்த மாணவியும் அவருடைய நண்பரும் பஸ் ஏறியது முனிர்கா ஸ்டாப்பில். ராமகிருஷ்ணபுரத்துத் தமிழர்களில் அந்த ஸ்டாப்பில் நிற்காதவர்கள் இருக்க மாட்டார்கள். மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போகிறவர்களுக்கும் வெகு பக்கம். நான் எத்தனையோ சாயங்காலம் அங்கே நின்றிருக்கிறேன். குற்றவாளிகளில் நான்கு பேர் எங்கள் பகுதியிலேயே ரவிதாஸ் கேம்ப் என்ற குடிசைப் பகுதியில் இருந்தவர்கள் என்று செய்தி வந்ததும், எங்கள் குடியிருப்பு மாறிவிட்டது. குடிசைப் பக்கம் இருந்து வருகிற ஆண் யாராக இருந்தாலும் கதவின் சங்கிலியை எடுக்காமலே பேசினோம். எட்டு வருஷமாக எங்களுக்குப் பால் போட்ட பையனிடம், "பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போ, மணி அடிக்காதே" என்று நான் சொன்னேன். அவன் அந்தக் கேம்ப்கூட இல்லை. ஒன்றும் பேசாமல் தலையாட்டிவிட்டுப் போனான். அவன் முகத்தை எனக்கு எட்டு வருஷமாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவனைக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டேன். ஆல்போர்ட் சொன்ன வளைந்துகொடுக்காத முடிவு இதுதான். அது தப்பெண்ணம். செய்தது நான்.

டெல்லித் தமிழர்கள் பலரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு, என்னிடமும் இருந்தது. பஸ்ஸிலோ மெட்ரோவிலோ பக்கத்தில் தமிழ்ப் பேச்சு கேட்டால் தோள் தானாகத் தளர்ந்துவிடும். கைப்பையை மடியிலிருந்து பக்கத்தில் வைப்போம். "நம்மாளு" என்று மனசு சொல்லிவிடும். ஆட்டோக்காரர், கூலித் தொழிலாளி, பீகாரி, தாடி வைத்தவர் என்று ஒரு பக்கம் பயத்தைக் குவித்துவைத்தால், மறுபக்கம் இப்படிச் சிலருக்குத் தள்ளுபடி கொடுத்துவிடுகிறோம்.

அந்தத் தள்ளுபடிக்கு நான் கொடுத்த விலையைச் சொல்ல வேண்டும். பதினைந்து வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது. ஒரு தமிழ்க் குடும்பத்துச் சீமந்தம் முடிந்து ராத்திரியாகிவிட்டது. எல்லோருக்கும் வேண்டிய பெரியவர் ஒருவர், "வாம்மா, நான் விட்டுடறேன், இந்த ஊர் ஆட்டோவை நம்ப முடியாது" என்றார். அவர் மனைவி எனக்கு அக்கா மாதிரி. காரில் திருப்புகழ் ஓடிக்கொண்டிருந்தது. மேம்பாலம் ஏறும்போது அவர் கை என் முழங்காலில் வந்து உட்கார்ந்தது. கியர் மாற்ற எடுப்பார் என்று நினைத்தேன், எடுத்தார், திரும்பவும் வைத்தார். அடுத்த சிக்னலில் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். ஊக்கு கைப்பையில்தான் இருந்தது. கை அதைத் தேடவே இல்லை. நடந்து போகும்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. நான் எந்த மாதிரி மனிதர்களைப் பார்த்துப் பயப்பட்டேனோ அப்படிப்பட்ட ஒருவர்தான் ஓட்டினார், மீட்டர் போட்டு வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

என் கதை அபூர்வமானது இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் வெளியிடும் கணக்கில், பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் குற்றம்சாட்டப்பட்டவர் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர். 2022இல் பெண்களுக்கு எதிரான குற்றங்களாகப் பதிவானவை 4,45,256. அவற்றில் மிகப் பெரிய பங்கு, 31.4 சதவீதம், கணவரும் அவருடைய உறவினர்களும் செய்த கொடுமை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னவர்கள் நாடு முழுக்க 29.3 சதவீதம். தமிழ்நாட்டில் 38.1. டெல்லியில் 22.6. ஊரைப் பார்த்துப் பயந்த எங்களுக்கு இந்த எண்ணை ஜீரணிப்பது சிரமம். வெளியே சொல்லத் துணிந்தது எங்கே அதிகம் என்பதும் இந்த எண்களில் கலந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் தமிழ்ப் பேச்சு கேட்டால் தோள் தளர்வதற்கு இந்த எண்ணில் எந்த ஆதாரமும் இல்லை.

தெரிந்தவர்களை விட்டுவிட்டு ஏன் தெரியாதவர்களைப் பார்த்துப் பயப்படுகிறோம்? நமக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி. அம்மா ஊக்கு கொடுத்தபோது பஸ்ஸை நினைத்துத்தான் கொடுத்தாள், வீட்டுக்கு வரும் மாமாவை நினைத்து எந்த அம்மாவும் ஊக்கு கொடுப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. தெருவில் போகிறவரைச் சந்தேகப்பட்டால் ஒதுங்கிக்கொள்ளலாம். வீட்டில் இருப்பவரைச் சந்தேகப்பட்டால் எங்கே போய் ஒதுங்குவது? போக இடம் இல்லாத பயத்தை மனசு பயமாகவே வைத்துக்கொள்ளாது.

"தெரிந்தவர்" என்ற அந்த 90 சதவீதத்துக்குள் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. டெல்லி மாவட்ட நீதிமன்றங்கள் 2013இல் தீர்ப்பளித்த பாலியல் வன்கொடுமை வழக்குகளை ஒவ்வொன்றாகப் படித்து, பத்திரிகையாளர் ருக்மிணி எஸ். 2014இல் தி ஹிந்து நாளிதழில் எழுதினார். முழு விசாரணை நடந்த வழக்குகளில் 40 சதவீதத்துக்கு மேல், பெண்ணும் பையனும் விரும்பிச் சேர்ந்தவை. பெரும்பாலும் இருவரும் வீட்டை விட்டுப் போய்விட, பெண்ணின் பெற்றோர் பையன் மீது கொடுத்த புகார்கள். அங்கே பெண் யாரைப் பார்த்தும் பயப்படவில்லை. அவள் பேரில் வேறு யாரோ பயப்பட்டார்கள், அந்தப் பயத்தின் உண்மைப் பெயர் சாதியாகவோ மதமாகவோ குடும்ப மானமாகவோ இருந்தது.

நம் ஊரில் இதன் முற்றிய வடிவத்தை 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியில் பார்த்தோம். ஒரு பெண் தன் விருப்பத்தில் வேறு சாதிப் பையனை மணந்துகொண்டாள். நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அந்தச் சமயத்தில் மேடைகளில் பேசப்பட்டதெல்லாம் "நம் வீட்டுப் பெண்களின் பாதுகாப்பு" என்ற வார்த்தைகளில்தான். ஜீன்ஸ் போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள் என்று ஒரு சமூகத்து இளைஞர்கள் அத்தனை பேர் மீதும் பழி விழுந்தது. பெண்ணின் பயம் தப்பெண்ணமா என்று விவாதிக்கிறவர்கள் முதலில் இந்த இரவல் பயத்தைத் தனியாக எடுத்துவைத்துவிட்டுப் பேச வேண்டும் என்பது என் எண்ணம். வீடுகளை எரித்தது இரவல் பயம்தான். ஷட்டரில் ஒட்டி நிற்கிற பெண் எரித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் சாப்பிட வந்தான். புளிக்குழம்பும் அப்பளமும். தட்டில் கை வைத்தபடியே மறுபடி ஆரம்பித்தான். "ஆர்ட்டிகிள் 15 பாலின அடிப்படையில பாகுபாடு கூடாதுங்குது. அப்புறம் மெட்ரோவுல லேடீஸ் கோச் எப்படி?" படிக்கிற பையன், விடை அவனுக்கே தெரியும். அதே 15ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தருகிறது. டெல்லி மெட்ரோவில் 2010 அக்டோபர் 2 முதல் ஒரு பெட்டி பெண்களுக்கு. அதில் முதல் தரம் ஏறியபோது இருபது நிமிஷம் நின்றுகொண்டே தூங்கினேன். நின்றுகொண்டு தூங்கலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. என்றாலும் அந்தப் பெட்டியைத் தீர்வு என்று நான் சொல்ல மாட்டேன். மற்ற பெட்டிகளில் ஏறுகிற பெண்ணை, "உனக்குத்தான் தனிப் பெட்டி இருக்கே" என்று கேட்கிற வாய்களையும் அது உண்டாக்கியிருக்கிறது.

"நான் கருப்பா, மதராசியா இருந்ததாலதான் அவ ஒதுங்கினாளா, ஆம்பளைங்கிறதால மட்டுமா?" என்று கேட்டான். தெரியாதுய்யா என்றேன். பனியில் குல்லா போட்ட முகத்தில் நிறம் தெரிந்திருக்காது. ஆனால் கோட்டு சூட்டு போட்ட ஒரு வெள்ளைத்தோல் ஆள் அதே வேகத்தில் வந்திருந்தால் அவள் நிற்காமல் நடந்திருப்பாள் என்றால், அவள் கணக்கும் என் கணக்கு மாதிரியே தப்பு. அந்தத் தப்பில் முதலில் ஆபத்து அவளுக்குத்தான்.

அவன் கொஞ்ச நேரம் கழித்து, பள்ளி ஹாஸ்டலில் தனக்கு நடந்த ஒன்றைச் சொன்னான். ஒரு வார்டனைப் பற்றி. இதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது என்றான். அதை இங்கே எழுதப்போவதில்லை, அது அவனுடையது. 2007இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்குச் சற்று மேலேயே பையன்கள் என்பதை மட்டும் அவனிடம் சொன்னேன். "அப்ப எனக்கும் அந்தப் பயம் தெரியும்ல" என்றான். அப்பளம் ஆறிப்போய் நமுத்துவிட்டது, இன்னொன்று பொரித்துக்கொண்டு வந்து வைத்தேன்.

இப்போது ராத்திரி அந்தச் சந்தில் முன்னால் பெண் யாராவது போனால், இவன் டீக்கடையில் நின்று ஒரு டீ சொல்லிவிட்டு எனக்குப் போன் செய்கிறான். அவள் முனை திரும்பும்வரை பேசிக்கொண்டிருப்போம். அவனும் அதே மெஸ்ஸில் சாப்பிடும் ஐந்தாறு தமிழ்ப் பையன்களும், லைப்ரரியில் படிக்கும் இரண்டு பெண்களும் கையெழுத்துப் போட்டு, தெருவிளக்கு எரியவில்லை என்று மனுக் கொடுத்தார்கள். மூன்று தரம் அலைந்த பிறகு ஒரு விளக்கைச் சரிசெய்தார்கள், டீக்கடைக்கு நேராக இருப்பதை. ஜெராக்ஸ் கடைக்கு எதிரே இருக்கும் கம்பத்துக்கு இரண்டாவது மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.